லாபம் கணக்கில் இருக்கிறது. சம்பள நாளில் பணம் ஏன் இல்லை?

கேள்வி: ஐயா, மரத்தளவாடப் பட்டறை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் மேற்பார்வையாளராக வேலை பார்த்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் சொந்தமாகப் பட்டறை தொடங்கினேன். அலுவலகங்களுக்கு வேண்டிய மேசை, அலமாரி, தடுப்பு ஆகியவற்றை அளவெடுத்துச் செய்து தருகிறோம். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். விற்பனை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. லாபம் இருப்பதாக ஆடிட்டரும் சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு மாதமும் சம்பள நாள் வந்தால் கைமாற்று வாங்கித்தான் சமாளிக்கிறேன். சென்ற ஆண்டு கையிலிருந்த பணத்தைப் போட்டுப் பலகை வெட்டும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இரண்டு மாதம் கழித்தே பணம் தருகிறார்கள். கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று தயங்குகிறேன். இப்போது ஒரு பெரிய நிறுவனம், நான் ஓராண்டில் செய்கிற அளவுக்குச் சமமான வேலையை ஓராண்டுக்குத் தர முன்வந்திருக்கிறது. விலையில் பத்து சதவீதம் குறைக்க வேண்டும், தொண்ணூறு நாள் கடன் தர வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பெரிய கடன் ஒன்று வாங்கி இதை ஏற்றுக்கொண்டால் என் பணக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். செய்யலாமா? தொழில் எனக்குத் தெரியும். வியாபாரம்தான் தெரியவில்லையோ என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்லியிருக்கும் நிபந்தனைகளில் அந்த ஆர்டரை ஏற்க வேண்டாம். ஆர்டரையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த நிபந்தனைகளில் ஏற்கலாம் என்பதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன், லாபம் காட்டும் உங்கள் பட்டறையில் சம்பள நாளன்று பணம் ஏன் இருப்பதில்லை என்பதை நீங்களே உங்கள் கணக்கைப் பார்த்துச் சொல்லும் நிலைக்கு வர வேண்டும். காரணம் தெரியாமல் வாங்குகிற கடன் சில மாதங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். அதன் பிறகு பழைய கஷ்டத்தோடு வட்டியும் சேர்ந்து வந்து நிற்கும்.

ஆடிட்டர் சொல்வது சரிதான். உங்கள் கை காலியாக இருப்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் பட்டறை வேலையிலிருந்து முதலாளியாக மாறுகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம். லாப நட்டக் கணக்கு, சரக்கை ஒப்படைத்துப் பில் போட்ட நாளிலேயே அதை விற்பனையாக எழுதிக்கொள்கிறது. பணம் வந்ததா என்று அது கேட்பதில்லை. செலவிலும் அப்படியே. நீங்கள் மொத்தப் பணத்தையும் கொடுத்து வாங்கிய இயந்திரம் அந்தக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு பங்கு வீதம் தேய்மானமாக மட்டுமே தெரியும். பணமோ ஒரே நாளில் போய்விட்டது. வாங்கிய கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி செலவாகத் தெரியும், அசல் தெரியாது. வீட்டுச் செலவுக்கென்று நீங்கள் அவ்வப்போது எடுக்கும் தொகையும் அங்கே செலவாக வராது. கூடத்தில் அடுக்கியிருக்கும் பலகைகளும் பாதி முடிந்த அலமாரிகளும் இன்னும் செலவாகாத சரக்காகவே மதிப்பிடப்படும். ஆகவே உங்கள் லாபம் எங்கும் தொலைந்துவிடவில்லை. ஒரு பகுதி வாடிக்கையாளர்களிடம் பாக்கியாக இருக்கிறது, ஒரு பகுதி பலகையாக அடுக்கில் கிடக்கிறது, ஒரு பகுதி இயந்திரமாக நிற்கிறது, மீதி அசலாகவும் வீட்டுச் செலவாகவும் வெளியே போயிருக்கிறது. ஆடிட்டரிடம் அடுத்த முறை போகும்போது லாப நட்டக் கணக்கோடு ரொக்க ஓட்ட அறிக்கை ஒன்றையும் தயாரித்துத் தரச் சொல்லுங்கள். லாபம் என்று காட்டிய தொகை இந்த நான்கில் எதில் எவ்வளவு போயிற்று என்பதை ஒரே தாளில் அது சொல்லிவிடும்.

இனி, உங்கள் தொழிலில் பணம் எத்தனை நாள் முடங்குகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் எண்கள் என்னிடம் இல்லாததால் நானாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு நீங்கள் மறுபடி கணக்கிடுங்கள். வாங்கிய பலகை வெட்டப்படும்வரை கூடத்தில் 30 நாள் இருக்கிறது என்று கொள்வோம். செய்து முடிக்க 20 நாள், முடிந்த பொருள் வாடிக்கையாளரின் இடம் தயாராகும்வரை காத்திருக்க 10 நாள், பில் கொடுத்த பிறகு பணம் வர 60 நாள். கூட்டினால் 120 நாள். பலகை விற்பவர் உங்களுக்கு 15 நாள் கடன் தருகிறார் என்றால் அதைக் கழித்துவிடலாம். மீதி 105 நாள். நீங்கள் போடும் ஒவ்வொரு தொகையும் 105 நாள் கழித்தே உங்கள் கைக்குத் திரும்புகிறது என்பது இதன் பொருள். நாளொன்றுக்கு 1,000 அளவுக்கு விற்று, அதற்காக 900 செலவழித்து, 100 லாபம் பார்க்கிறீர்கள் என்றால், எந்த நேரத்திலும் 105 நாள் செலவு, அதாவது 94,500, தொழிலுக்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூலியும் வாடகையும் முதல் நாளிலேயே செலவாகிவிடுவதில்லை என்பதால் உண்மையான தொகை இதைவிடச் சற்றுக் குறையும். ஆனால் அளவு புரிந்துகொள்ள இந்த எளிய கணக்கு போதும். இதையே நடைமுறை மூலதனம் என்கிறோம். இதை யாராவது ஒருவர் போட்டாக வேண்டும். நீங்களோ, வங்கியோ, சரக்கு தருபவரோ, வாடிக்கையாளரோ போடலாம். இப்போது அதை நீங்களும் உங்களுக்குக் கைமாற்று தருகிறவர்களும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே கணக்கைப் பெரிய ஆர்டருக்குப் போட்டுப் பாருங்கள். விற்பனை இரட்டிப்பாகிறது; புதிதாக வரும் பாதிக்குக் கடன் நாள் 60 அல்ல, 90. அப்படியானால் அந்தப் பாதிக்குப் பணம் முடங்கும் காலம் 135 நாள். 135 நாள் செலவு 1,21,500. உங்கள் இப்போதைய லாபமோ நாளுக்கு 100 வீதம் ஆண்டுக்கு 36,500. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்க்கும் லாபத்தைப் புதிய ஆர்டர் தன் முதல் பில்லுக்குப் பணம் வருவதற்குள் விழுங்கிவிடும். இப்போது சம்பள நாளில் ஒன்பது பேருக்குத் தேடுகிறீர்கள். அப்போது பதினைந்து பதினாறு பேருக்குத் தேட வேண்டியிருக்கும். வேலை குறைந்து மூடப்பட்ட பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை நிறைந்து வழிந்த நேரத்தில் மூடப்பட்டவைதான் என்னை அதிகம் வருத்தியவை, ஏனென்றால் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

இது சிறு தொழிலுக்கு மட்டும் உரிய ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்த டபிள்யூ. டி. கிராண்ட் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் 1975 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டே அது கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் அது லாபம் காட்டிக்கொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் புதுக் கடைகளைத் திறந்துகொண்டும், வாடிக்கையாளர்களுக்குக் கடனில் விற்றுக்கொண்டும் இருந்ததால், தொழிலிலிருந்து வரவேண்டிய ரொக்கம் பெரும்பாலும் வரவேயில்லை. இடைவெளியை வங்கிக் கடன் நிரப்பிக்கொண்டிருந்தது. லாபத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு வீழ்ச்சி திடீரென்று வந்தது. ரொக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் அது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். கணக்கியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் இந்த நிறுவனத்தின் கணக்கு பாடமாக இருக்கிறது. ரொக்க ஓட்ட அறிக்கையை நிறுவனங்கள் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் 1987ஆம் ஆண்டில் விதித்தது.

இனி அந்த 105 நாளை எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம். சரக்கைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாக அறிவீர்கள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். விலை மலிவாகக் கிடைத்தது என்று மூன்று மாதத்துக்கான பலகையை ஒன்றாக வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், மலிவால் மிச்சமானது எவ்வளவு, அந்தப் பணத்தை மூன்று மாதத்துக்குக் கைமாற்றாக வாங்கினால் எவ்வளவு வட்டி என்று ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதேபோல், ஆறு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கி எல்லாவற்றையும் அரைகுறையாக வைத்திருப்பதைவிட, மூன்றை முடித்து ஒப்படைத்து, பில் போட்டுவிட்டு அடுத்த மூன்றைத் தொடங்குவது பணத்தை விரைவாகத் திருப்பும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ, தேவைக்கு முன்பாகவும் தேவைக்கு அதிகமாகவும் செய்து வைப்பதையே வீண்களில் பெரிய வீணாகக் கருதினார். உங்கள் கூடத்தில் பாதியில் நிற்கும் ஒவ்வோர் அலமாரியும், உங்கள் ஆட்களுக்கு நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட, ஆனால் யாரிடமும் கேட்க முடியாத கூலி.

ஆனால் உங்கள் முக்கியமான பிரச்சினை கூடத்தில் இல்லை. அது வசூலில் இருக்கிறது. கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று தயங்குகிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். செய்து கொடுத்த வேலைக்குப் பணம் கேட்பதை உதவி கேட்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் உதவி கேட்டது அவர்கள். கடனுக்குப் பொருள் கேட்டார்கள், நீங்கள் வட்டியில்லாமல் கொடுத்தீர்கள். அதைத் திரும்பக் கேட்பது, அலமாரிக்குக் கீல் பொருத்துவதைப் போல வேலையின் ஒரு பகுதி. கீல் பொருத்தாமல் ஒப்படைக்க மாட்டீர்கள். பணம் வராமல் வேலை முடிந்ததாகவும் எண்ணாதீர்கள்.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வாடிக்கையாளரின் கெட்ட எண்ணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய அலுவலகங்களில் பொருளைப் பெறுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர், பணம் அனுப்புகிறவர் மூன்றாமவர். பில்லில் ஆர்டர் எண் இல்லாவிட்டாலும், நிறுவனத்தின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் இணைக்கப்படாவிட்டாலும் அது யாரோ ஒருவர் மேசையில் நின்றுவிடும்; யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு சிறு அச்சகத்தின் கணக்கைப் பார்த்தபோது, பணம் சராசரியாக 70 நாளில் வந்துகொண்டிருந்தது. அதில் ஏறக்குறைய 20 நாள் வாடிக்கையாளரால் நேர்ந்த தாமதமே அல்ல. வேலை முடிந்ததும் பில் போடாமல், மாதக் கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து எழுதும் பழக்கத்தால் நேர்ந்தது. ஒப்படைத்த நாளிலேயே பில் அனுப்பத் தொடங்கியவுடன், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமலே அந்த நாட்கள் குறைந்தன.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியவை கேட்பதற்கு முந்தைய வேலைகள். ஆர்டர் வாங்கும்போதே பில்லில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும், யார் ஒப்புதல் தருகிறார், எந்தத் தேதிகளில் பணம் அனுப்புகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பில்லில் அறுபது நாள் கடன் என்று பொதுவாக எழுதாமல், இன்ன தேதிக்குள் என்று தேதியையே எழுதுங்கள். அறுபது நாள் என்றால் ஒப்படைத்த நாளிலிருந்தா, பில் கிடைத்த நாளிலிருந்தா என்ற பேச்சு அதோடு ஒழியும். பில் அனுப்பிய ஐந்தாம் நாள் கணக்குப் பிரிவில் இருப்பவரை அழைத்து, பில் வந்து சேர்ந்ததா, அதில் குறை ஏதும் உண்டா என்று மட்டும் கேளுங்கள். தவணைக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறை அழைத்து, வரும் வாரப் பட்டுவாடாவில் நம் பில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டு அழைப்பிலும் நீங்கள் பணம் கேட்கவே இல்லை. ஆனால் முறையாக வேலை செய்கிற நிறுவனம் இது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் பணம் தர முடியாத நிலையில் ஓர் அலுவலகம் யாருக்கு முதலில் தருகிறது என்றால், தேதியை நினைவில் வைத்துக் கேட்கிறவருக்குத்தான்.

தேதி கடந்துவிட்டால் மறுநாளே அழைக்க வேண்டும். அழைப்பில் வருத்தமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். "இன்ன எண்ணுள்ள பில்லுக்கு நேற்றுத் தேதி முடிந்தது, எந்த நாளில் எதிர்பார்க்கலாம் என்று தெரிந்தால் அதற்கேற்ப இங்கே திட்டமிட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். அவர் சொல்லும் நாளைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அதை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். சொன்ன நாளும் தவறினால் அவருக்கு மேலே இருப்பவரிடம் பேசுங்கள். முப்பது நாளுக்கு மேல் தவறியவருக்குப் புதிய வேலை தொடங்குவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, அதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன விதியைப் பின்பற்றும்போது யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வாரம் ஒருமுறை எல்லா பாக்கிகளையும் வயது வாரியாக எழுதுங்கள்: 30 நாளுக்குள், 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல். கடைசிப் பத்தியில் இருப்பவர்களின் பெயர்களை நீங்களே நேரில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பாக்கிக்கு வயது கூடக்கூட அது வருவதற்கான வாய்ப்பு குறைகிறது. மேலே சொன்ன உதாரணத்தில் 1,000க்கான ஒரு பில் வராமலே போனால் அதற்கு நீங்கள் போட்ட 900ஐ மீட்க, அதே அளவுள்ள ஒன்பது பில்களின் முழு லாபம் தேவைப்படும். அதே உதாரணத்தில், வசூல் 15 நாள் முந்தினாலே ஒருமுறை 15,000 கையில் வந்து சேரும். அது ஐந்து மாத லாபத்துக்குச் சமம், அதற்கு வட்டியும் இல்லை.

கேட்டதால் போய்விடும் வாடிக்கையாளரும் சிலர் இருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேதி முடிந்த பணத்தை மரியாதையாகக் கேட்டதற்காகவே ஒருவர் விலகினால், அவர் உங்கள் பொருளை வாங்கிக்கொண்டிருக்கவில்லை, உங்கள் பணத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். விரைவில் தருபவருக்குத் தள்ளுபடி தரலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வரலாம். 60 நாளுக்குப் பதில் 10 நாளில் தந்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்றால், 50 நாள் முன்கூட்டி வரும் பணத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 15 சதவீதம். அதையே 30 நாளுக்குப் பதில் 10 நாள் என்று வைத்தால் 37 சதவீதம் ஆகிவிடும். வங்கி கேட்கும் வட்டியோடு ஒப்பிட்ட பிறகே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட உங்கள் தொழிலுக்கு ஏற்ற வழி முன்பணம். நீங்கள் செய்வது கடையில் அடுக்கி விற்கும் பொருள் அல்ல. ஒரு குறிப்பிட்ட அறையின் அளவுக்குச் செய்தது. அவர் வேண்டாம் என்றால் அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆகவே பலகை வாங்கும் செலவை வாடிக்கையாளர் முன்கூட்டித் தர வேண்டும் என்று கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆர்டரோடு 40 சதவீதம், ஒப்படைக்கும்போது 40, பொருத்தி முடித்து 30 நாளில் 20 என்ற வரிசையில் தொடங்கிப் பேசுங்கள். புதிய வாடிக்கையாளர்களிடமிருந்து இதைத் தொடங்குவது எளிது. பழையவர்களிடம் அடுத்த விலைப்புள்ளி கொடுக்கும்போது மாற்றலாம். சிலர் 40ஐ 25 ஆக்கச் சொல்வார்கள். அதுவும் இப்போதைய பூஜ்யத்தைவிட மேல்.

பத்து சதவீத விலைக் குறைப்பைப் பற்றி: 100க்கு விற்கும் பொருளில் பலகை, கூலி போன்ற நேரடிச் செலவு 70 என்றும், வாடகை, மின்சாரம், அலுவலகச் செலவு, வட்டி ஆகியவற்றின் பங்கு 20 என்றும், லாபம் 10 என்றும் வைத்துக்கொள்வோம். விலை 90 ஆனால் லாபம் மறைந்துவிடுகிறது. வாடகையை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம், புதிய வேலையில் கிடைக்கும் 20 முழுவதும் மிச்சம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாதம், இருக்கும் ஆட்களும் இருக்கும் இடமும் சும்மா கிடக்கும்போது சரி. வேலையை இரட்டிப்பாக்க இன்னும் ஆட்களும், இன்னோர் இடமும், கூடுதல் நேரக் கூலியும், அவற்றை மேற்பார்க்க இன்னொருவரும் வேண்டும் என்னும்போது அந்த 20 கரைந்துவிடும். ஆகவே அந்த ஆர்டருக்கு மட்டும் புதிதாக என்னென்ன செலவு வரும் என்று ஒரு தாளில் எழுதி, அதற்கு மேல் என்ன நிற்கிறது என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். இன்னொரு தவறு அடிக்கடி நடக்கும்: செலவின்மேல் 25 சதவீதம் வைத்தால் லாபம் விற்பனையில் 25 சதவீதம் என்று நினைத்துவிடுவது. 80க்குச் செய்து 100க்கு விற்றால் லாபம் விற்பனை விலையில் 20 சதவீதம்தான். தள்ளுபடி எப்போதும் விற்பனை விலையில் கேட்கப்படுகிறது என்பதால் இந்த வித்தியாசம் பேரத்தில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

அடுத்து, வருகிற 13 வாரங்களுக்கு ஒரு வரவு செலவுத் தாள் போடுங்கள். 13 வாரம் என்பது ஓராண்டில் கால் பங்கு. சம்பளம், வாடகை, வரி, கடன் தவணை எல்லாம் அதற்குள் ஒருமுறையாவது வந்துவிடும். ஒவ்வொரு வாரத்துக்கும் தொடக்க இருப்பு, வரும் என்று உறுதியாக நம்பும் பணம், கட்டாயம் போகும் பணம், கடைசி இருப்பு என்று எழுத வேண்டும். வரவை எழுதும்போது பில்லில் உள்ள தேதியை எழுதாதீர்கள். அந்த வாடிக்கையாளர் இதுவரை எந்த நாளில் தந்து வந்திருக்கிறாரோ அந்த நாளை எழுதுங்கள். முதல் முறை பல எண்கள் தவறாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வாரமும் நடந்ததை நினைத்ததோடு ஒப்பிட்டு, முடிந்த வாரத்தை நீக்கி, புதிய வாரம் ஒன்றைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் அது நம்பகமானதாகிவிடும். சம்பளத்துக்குப் பணம் போதாது என்பது உங்களுக்கு இப்போது இரண்டு நாள் முன்பு தெரிகிறது; இந்தத் தாளில் ஆறு வாரம் முன்பே தெரியும். ஆறு வாரம் இருந்தால் வசூலை முடுக்கலாம், பலகை வாங்குவதைத் தள்ளிப்போடலாம், வங்கியிடம் நிதானமாகப் பேசலாம். இரண்டு நாளில் கைமாற்றைத் தவிர வேறு வழியே இல்லை.

இயந்திரத்தைக் கைப்பணத்தில் வாங்கியதும் உங்கள் நெருக்கடிக்கு ஒரு காரணம். பல ஆண்டு உழைக்கப்போகும் பொருளை, அது சம்பாதித்துத் தரும் காலத்துக்கு ஏற்ற நீண்ட தவணைக் கடனில் வாங்கி, அன்றாடம் சுற்ற வேண்டிய பணத்தைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும். நடந்தது நடந்துவிட்டது, அந்த இயந்திரத்தையே ஈடாக வைத்து நீண்ட காலக் கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்டு, கிடைத்தால் அதிக வட்டிக் கைமாற்றுகளை அடைத்துவிடுங்கள். இனி நீங்களும் மாதம் ஒரு குறிப்பிட்ட தொகையைச் சம்பளம்போல எடுத்துக்கொண்டு, இடையில் எடுப்பதை நிறுத்துங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி உண்டு என்று எழுதிப் பார்த்த பிறகு மீதி நிற்பதே பட்டறையின் உண்மையான லாபம்.

இப்போது அந்த ஆர்டருக்கு வருகிறேன். அவர்கள் உங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் உங்கள் வேலையின் தரம். அதனால் பேசுவதற்கு உங்களுக்கு இடம் இருக்கிறது. முழு ஆர்டரையும் ஒரே ஒப்பந்தமாக எடுக்காமல், முதல் மூன்று மாதத்துக்கு நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான வேலையைக் கேளுங்கள். ஒரே வாடிக்கையாளர் உங்கள் மொத்த விற்பனையில் பாதியைப் பிடித்துக்கொண்டால் விலையையும் தவணையையும் அதன்பின் அவரே தீர்மானிப்பார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் பழக்கமான ஆலோசனை. விலைக் குறைப்பு, கடன் நாள் ஆகிய இரண்டில் ஒன்றில் மட்டும் இறங்கி வாருங்கள். 30 சதவீதம் முன்பணமும் 30 நாள் தவணையும் தந்தால் விலையில் 3 சதவீதம் குறைக்கலாம்; 90 நாள்தான் வேண்டும் என்றால் அந்த நாட்களுக்கான வட்டியைச் சேர்த்து விலை சொல்லுங்கள். ஒவ்வொரு தளம் முடிந்ததும் தனித்தனியாகப் பில் போடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். முழு வேலையும் முடிந்த பிறகே ஒரே பில் என்றால் 90 நாள் எண்ணத் தொடங்குவதற்கே பல மாதங்கள் ஆகிவிடும். கையெழுத்திடும் முன், அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே சரக்குத் தரும் இரண்டு பேரிடம், சொன்ன தேதியில் பணம் வருகிறதா என்று விசாரியுங்கள்.

இவற்றுக்கு அவர்கள் ஒப்புக்கொண்டால், ஒப்பந்தத்தையும் 13 வாரத் தாளையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் நடைமுறை மூலதனக் கடன் கேளுங்கள். எவ்வளவு வேண்டும், எந்த வாரத்தில் வேண்டும், எந்த வாரத்தில் திருப்புவீர்கள் என்று எண்களோடு பேசுகிறவருக்கு வங்கியில் கிடைக்கும் பதில் வேறு. எதற்குமே ஒப்புக்கொள்ளாமல் பத்து சதவீதமும் தொண்ணூறு நாளும் மாறாது என்றால், இப்போதைக்கு இயலவில்லை என்று நன்றி சொல்லிக் கடிதம் எழுதிவிட்டு, அதே வாரத்தில் உங்கள் பாக்கிப் பட்டியலில் 60 நாளைக் கடந்திருக்கும் முதல் பெயரை அழையுங்கள்.